கஅபாவின் கல்லை எடுத்துச் சென்ற கர்மதியர்கள்: கேள்வி பதில்

ஆயிரம் வருடத்துக்கு முன் கிழக்கு அரேபியாவில் ஆட்சி நடத்திய கர்மதியர்களைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் மக்கா தாக்குதலைப் பற்றியவை. அதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன். ஆனால் அதோடு நின்றுவிட்டால் இவர்கள் வெறும் கொள்ளைக்கூட்டமாகத்தான் தெரிவார்கள். ஒரு கொள்ளைக்கூட்டத்தால் ஏறக்குறைய 180 வருடம் அரசு நடத்த முடியாது. அதனால் மற்ற கேள்விகளையும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: இவர்கள் சுன்னிகளா, ஷீஆக்களா? எங்கிருந்து வந்தார்கள்?

ஷீஆக்களில் இஸ்மாயிலிப் பிரிவு. இமாம் ஜஅஃபர் சாதிக்கின் பேரர் முஹம்மது இப்னு இஸ்மாயில்தான் மறைந்திருக்கும் மஹ்தி, அவர் திரும்பி வந்து நீதியை நிலைநாட்டுவார் என்பது இவர்களின் நம்பிக்கை. கூஃபாவைச் சுற்றியிருந்த கிராமங்களில் இதைப் பரப்பியவர் ஹம்தான் கர்மத். இயக்கத்தின் பெயரே அவரிடமிருந்து வந்ததுதான்.

899-இல் இயக்கம் உடைந்தது. சிரியாவின் சலமிய்யாவில் இருந்த தலைவர், "வரவேண்டிய இமாம் நானே" என்று அறிவித்தார். பிற்பாடு வட ஆப்பிரிக்காவில் ஃபாத்திமிய அரசை நிறுவி அதன் கலீஃபாவானவர் இவர்தான். ஹம்தான் இதை ஏற்கவில்லை, உறவை முறித்துக்கொண்டார். அதோடு வரலாற்றிலிருந்தே காணாமல் போகிறார். அவருடைய மைத்துனர் அப்தான் கொல்லப்பட்டார். பழைய நம்பிக்கையை விடாமல் மஹ்திக்குக் காத்திருந்தவர்களுக்கே கர்மதியர் என்ற பெயர் நிலைத்தது.

கேள்வி: அண்ணா, பஹ்ரைன் அவ்வளவு சின்னத் தீவு. அங்கிருந்து எப்படிக் கலீஃபாவை எதிர்த்தார்கள்?

அன்று பஹ்ரைன் என்றால் தீவு மட்டுமல்ல தம்பி. கிழக்கு அரேபியக் கரை முழுவதற்கும் அதுதான் பெயர். இன்றைய சவூதியின் அல்-அஹ்ஸா, கதீஃப் எல்லாம் அதில் அடக்கம். ஊற்றுநீர், பேரீச்சந்தோப்பு, பக்கத்திலேயே வளைகுடா வணிகப் பாதை. பக்தாதிலிருந்து படை வரவேண்டுமென்றால் பாலைவனம் தாண்டித்தான் வரவேண்டும்.

பாரசீகக் கரையின் ஜன்னாபாவிலிருந்து வந்த அபூ சயீத் அல்-ஜன்னாபி, உள்ளூர் அரபுக் குலங்களைச் சேர்த்துக்கொண்டு இந்தப் பகுதியைப் பிடித்தார். 900-இல் பக்தாதின் அப்பாசியக் கலீஃபா முஅ்ததித் ஒரு படையை அனுப்பினார். அது தோற்றது, கைதிகள் கொல்லப்பட்டார்கள். தளபதி அப்பாஸ் இப்னு அம்ரை மட்டும் அபூ சயீத் உயிரோடு விட்டார். நடந்ததைக் கலீஃபாவிடம் போய்ச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே, அதற்காக.

கேள்வி: மக்காவில் உண்மையில் என்ன நடந்தது? கல்லை ஏன் எடுத்தார்கள்? காயல்பட்டினத்தில் ஒரு பெரியவர் சொல்லக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை.

மனசு ஆறாததில் வியப்பில்லை பாய். 930 ஜனவரி, ஹஜ் தொடங்கும் துல்ஹஜ் 8. அபூ சயீதின் மகன் அபூ தாஹிர் படையோடு மக்காவுக்குள் நுழைந்தார். அப்போது அவருக்கு வயது இருபதுகளின் நடுவில்தான் இருக்கும். தவாஃப், அதாவது கஅபாவை வலம், செய்துகொண்டிருந்தவர்களையே வெட்டினார்கள். ஜம்ஜம் கிணற்றில் பிணங்களைப் போட்டார்கள். கஅபாவின் கதவையும் திரையையும் எடுத்தார்கள், அதன் மூலையில் பதித்திருந்த புனிதக் கருங்கல்லான ஹஜருல் அஸ்வதைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். இறந்தவர்கள் முப்பதாயிரம் என்றுகூட எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் நடந்தது படுகொலை, அதில் சந்தேகமே இல்லை.

ஏன் என்பதற்கு "கொள்ளை" என்ற பதில் போதாது. கொள்ளைதான் நோக்கம் என்றால் ஹஜ் பயணக் கூட்டங்களே போதும். அவற்றை ஏற்கெனவே தாக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். 928-இல் வியாழனும் சனியும் ஒரே ராசியில் கூடின. அது ஒரு யுகம் முடிந்து அடுத்தது தொடங்குவதன் அடையாளம், மஹ்தி வரப்போகிறார் என்று கணித்தார்கள். மஹ்தி வந்தால் ஷரீஅத் என்னும் இஸ்லாமியச் சட்டத்தின் காலமே முடிந்தது என்பது அவர்கள் கொள்கை. அந்தச் சட்டத்தின் நடுநாயகமான இடத்தை உடைத்தது, "பழையது முடிந்துவிட்டது" என்ற அறிவிப்பு. ஹஜ்ஜைத் தங்கள் ஊருக்குத் திருப்பத்தான் கல்லைக் கொண்டுபோனார்கள் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது பொருந்திவரவில்லை. சட்டமே முடிந்தது என்பவர்கள் இன்னொரு கஅபா எதற்குக் கட்டவேண்டும்?

கல்லைத் திருப்பித் தர 50,000 தீனார் வரை பக்தாத் தரப்பு பேசிப் பார்த்தது, கர்மதியர்கள் மசியவில்லை. ஏறக்குறைய 22 வருடம் கழித்து, 951-இல், கூஃபா பள்ளிவாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். கட்டளைப்படி எடுத்தோம், கட்டளைப்படியே திருப்பித் தருகிறோம் என்று மட்டும் சொன்னார்களாம். அங்கிருந்துதான் அது மக்காவுக்குத் திரும்பியது.

கேள்வி: அவர்கள் எதிர்பார்த்த மஹ்தி வந்தாரா சார்?

வந்தார் என்று நம்பினார்கள், அதில்தான் சிக்கினார்கள். மக்கா தாக்குதலுக்கு அடுத்த வருடமே, 931-இல், இஸ்ஃபஹானைச் சேர்ந்த ஒரு பாரசீக இளைஞனை மஹ்தி என்று அறிவித்து, அபூ தாஹிர் ஆட்சியையே அவன் கையில் கொடுத்துவிட்டார். நபிமார்களைச் சபிக்கச் சொன்னான். நெருப்பை வணங்கச் சொன்னான். அப்புறம் இயக்கத்தின் பெரிய மனிதர்களையே ஒவ்வொருவராகக் கொல்லத் தொடங்கினான். சுமார் 80 நாள் போனது. பிறகு அபூ தாஹிர், "ஏமாந்துவிட்டோம்" என்று தன் மக்கள் முன் ஒப்புக்கொண்டு அவனைக் கொன்றார்.

கர்மதியர் வரலாற்றில் என்னைக் கேட்டால் இதுதான் திருப்புமுனை. எத்தனையோ பேர் மனம் உடைந்து இயக்கத்தை விட்டுப் போனார்கள். யுகமாற்றத்துக்காகக் கிளம்பியவர்கள் அதற்குப் பிறகு ஒரு சாதாரண அரசாகச் சுருங்கினார்கள். ஹஜ் பயணிகளைக் கொல்வதற்குப் பதிலாகக் காசு வாங்கிக்கொண்டு வழிவிடவும் செய்தார்கள்.

கேள்வி: இவர்கள் அந்தக் காலத்துக் கம்யூனிஸ்டுகள் என்று ஒரு தோழர் சொன்னார். சரியா?

அவர் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது, ஆனால் பாதிதான். பாரசீகக் கவிஞர் நாசிர் குஸ்ரோ 1051-இல் அல்-அஹ்ஸாவுக்கு நேரில் போய் எழுதியிருக்கிறார். தனி அரசன் இல்லை. அபூ சயீதின் வழிவந்த ஆறு பேர் ஒரே ஆசனத்தில் உட்கார்ந்து, கலந்துபேசி ஆள்கிறார்கள். பின்னால் ஆறு அமைச்சர்கள். விளைச்சலில் வரி கிடையாது. கடனில் விழுந்தவனுக்கு வட்டியில்லாக் கடன். வெளியூரிலிருந்து வரும் கைவினைஞனுக்குக் கருவி வாங்க முதல் தருகிறார்கள், சம்பாதித்துத் திருப்பினால் போதும். அரசு ஆலையில் தானியம் அரைக்கக் கூலி இல்லை. உள்ளூரில் ஈயக்காசுதான் புழக்கம், அதை ஊருக்கு வெளியே கொண்டுபோக முடியாது.

அவர் மேலும் எழுதுகிறார்: இவர்கள் தொழுவதில்லை, ஆனால் தொழுபவனைத் தடுப்பதும் இல்லை. செத்துப்போன அபூ சயீத் திரும்பி வருவார் என்று அவருடைய கல்லறை வாசலில் இரவும் பகலும் சேணம் பூட்டிய குதிரை ஒன்று நிற்கிறது.

அதே நாசிர் குஸ்ரோ சொல்லும் இன்னொரு செய்தியைத் தோழர்கள் விட்டுவிடுகிறார்கள். வயலிலும் தோப்பிலும் வேலை செய்தவர்கள் விலைக்கு வாங்கிய 30,000 ஆப்பிரிக்க அடிமைகள். யாருக்காவது வீடு இடிந்தால் கட்டிக்கொடுக்கப் போனதும் அந்த அடிமைகளே. வரியில்லாத வாழ்வும் வட்டியில்லாக் கடனும் அவர்கள் முதுகில்தான் நின்றன. இதைச் சொல்லாமல் கர்மதியர்களின் சமத்துவத்தைப் பாராட்டினால், அந்த 30,000 பேரை இரண்டாம் முறை மறைத்ததாகிவிடும்.

கேள்வி: எல்லாம் எதிரிகள் எழுதியதுதானே, எதை நம்புவது?

நல்ல கேள்வி. இவர்களே எழுதியது அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. மனைவிகளைப் பொதுவாக வைத்திருந்தார்கள் போன்ற கதைகளை நான் ஒதுக்கிவிடுவேன். பிடிக்காத எந்தப் பிரிவின் மீதும் சுமத்தப்பட்ட பழி அது. நாசிர் குஸ்ரோவும் முழுக்க நடுநிலையானவர் அல்ல. அவர் ஃபாத்திமியர் பக்கத்து இஸ்மாயிலி. ஆனாலும் கண்ணால் பார்த்தவர். பிடித்ததையும் பிடிக்காததையும் சேர்த்தே எழுதியவர்.

கேள்வி: அலமுத் கோட்டை ஹஷாஷீன்கள் இவர்கள்தானா?

இல்லை. ஹஷாஷீன்கள் என்று அழைக்கப்பட்டவர்களின் தலைவர் ஹசன் சப்பாஹ், பாரசீகத்தின் அலமுத் கோட்டையைப் பிடித்தது 1090-இல். அதற்குள் கர்மதியர் ஆட்சியே முடிந்துவிட்டது. இரண்டும் இஸ்மாயிலி மரத்தின் வேறு வேறு கிளைகள்.

கேள்வி: இந்தியாவில் இவர்கள் இருந்தார்களா?

முல்தானில் (இன்றைய பாகிஸ்தான்) இருந்த இஸ்மாயிலி ஆட்சியைக் கஜினி முகமது 1010-இல் அழித்தபோது "கர்மதியர்களை ஒழித்தேன்" என்றுதான் சொல்லிக்கொண்டார். உண்மையில் அவர்கள் கெய்ரோவின் ஃபாத்திமியரை ஏற்றவர்கள். அதற்குள் கர்மதி என்பது யார் மீதும் எறியக்கூடிய வசையாகிவிட்டிருந்தது. கஜினியின் அமைச்சராகவே இருந்த ஹசனக், ஹஜ் முடித்துத் திரும்பும் வழியில் ஃபாத்திமிய கலீஃபாவின் அங்கியைப் பரிசாக வாங்கிக்கொண்டார். கஜினி இறந்த பிறகு, 1032-இல், அதையே காரணம் காட்டிக் கர்மதி என்று சொல்லி அவரைத் தூக்கிலிட்டார்கள்.

கேள்வி: கடைசியில் என்ன ஆனார்கள்?

முதலில் பஹ்ரைன் தீவு கைவிட்டுப் போனது, பிறகு கதீஃப். கடல் வணிகத்தின் வருமானமும் அதோடு போய்விட்டது. அல்-அஹ்ஸா மட்டும் மிஞ்சியது. உள்ளூர் உயூனிக் குலத்தார் துருக்கியப் பேரரசர்களான செல்ஜூக்கியரின் படை உதவியோடு அதை வருடக்கணக்கில் முற்றுகையிட்டு 1077 வாக்கில் பிடித்தார்கள்.