மூணாங்கிளாஸ் பையன் ஆறாங்கிளாஸ் கணக்கு போடுதான்: பதில்

அண்ணாச்சி, பையன் மூணாங்கிளாஸ்ல இருந்துக்கிட்டு ஆறாங்கிளாஸ் கணக்கு போடுதான், போரடிச்சு சேட்டை பண்ணுதான், பாளையங்கோட்டை பக்கம் இந்த மாதிரி பிள்ளைகளுக்குத் தனி ஸ்கூல் உண்டான்னு கேட்டிருக்கீங்க. எனக்குத் தெரிஞ்சு கிடையாது. சிங்கப்பூர்ல 1984லயே ஆரம்பிச்சாங்க, மூணாங்கிளாஸ்ல டெஸ்ட் வச்சு நாலாங்கிளாஸ்ல இருந்து தனி வகுப்பு நடத்துனாங்க, இங்க என்னடான்னா கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு நடத்துற நவோதயா பள்ளியே தமிழ்நாட்டுல இல்ல, இருக்கிற எடத்துலயும் ஆறாங்கிளாஸ்லதான் சேர்ப்பாங்க, என்எம்எம்எஸ்ங்கிற உதவித்தொகை பரீட்சையும் எட்டாங்கிளாசுக்குத்தான்.

டபுள் புரமோஷன்லாம் கேக்காதீங்க, எழுத்து, வெளாட்டுன்னு மத்ததுல திணறிருவான். கணக்கு பீரியடுக்கு மட்டும் அஞ்சாங்கிளாஸ்ல உக்கார விடுவாங்களான்னு ஹெச்எம்ம பாத்துப் பேசுங்க. லீவுல கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒலிம்பியாட் கோச்சிங்னு எவனாவது ஆயிரக்கணக்குல கேட்டா மட்டும் குடுத்துராதீங்க.