தலைமாட்டில் இருந்த அடை

கேள்வி: ஆறு மாதமாக மனசு சரியில்லை. இதுதான் காரணம் என்று ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை. ‘கவலைப்படாதிருங்கள்’, ‘எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்’ என்ற வசனங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். வேதம் சொல்கிறபடி இருக்க முடியவில்லையே என்ற குற்ற உணர்வுதான் கூடுகிறது. எனக்கு விசுவாசமே இல்லையா?
(பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி)

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கிற வசனங்கள் எல்லாமே ‘இப்படி இரு’ என்று சொல்கிறவை. நொந்துபோன மனசுக்கு அது செய்து முடிக்காத இன்னொரு வேலையாகத்தான் தெரியும். கொஞ்ச நாளைக்கு அவற்றை அப்படியே வைத்துவிட்டு, வேதத்தில் அழுகிறவர்களோடு போய் உட்காருங்கள். அவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் 1 இராஜாக்கள் 19. கர்மேல் பர்வதத்தில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைப் பார்த்த எலியா தீர்க்கதரிசி, அதற்கு அடுத்த அதிகாரத்திலேயே தன்னைக் கொல்லுவேன் என்று சொன்ன ராணி யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்; நான் என் பிதாக்களைப்பார்க்கிலும் நல்லவன் அல்ல” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போகிறான். தன்மேலேயே நம்பிக்கை போன ஒரு ஆள் பேசுகிற பேச்சு அது. ‘நேற்று இவ்வளவு பெரிய அற்புதத்தைப் பார்த்தாயே, இன்றைக்கு ஏன் இப்படி’ என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. தூதன் வந்து தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர், இரண்டும் தலைமாட்டிலேயே இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறான், அதற்கும் திட்டு இல்லை! தூதன் இரண்டாம் தரமும் வந்து எழுப்பி, “நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்கிறான். அப்புறம்தான் ஓரேப் பர்வதத்துக்கு 40 நாள் நடை, அப்புறம்தான் அங்கே தேவன் பேச வந்த அந்த அமர்ந்த மெல்லிய சத்தம். இந்த வரிசையை நான் ரொம்ப மதிக்கிறேன். முதலில் தூக்கம், அடை, தண்ணீர், பேச்சு பிறகு. நீங்கள் கடைசியாக நேரத்துக்குச் சாப்பிட்டது எப்போது, தூங்கியது எப்போது என்று கேட்பதும் எனக்கு ஆவிக்குரிய கேள்வியாகத்தான் படுகிறது.

அடுத்தது சங்கீதம் 88. புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும், இது திரும்பாது. “சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர்” என்கிற வசனத்தோடு, எபிரெயத்தில் ‘இருள்’ என்கிற வார்த்தையோடு, அப்படியே நின்றுவிடும். எனக்கும் ஒரு காலம் இருந்தது, ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வரும், வெளிச்சம் வரும்வரை ‘நீ எதற்கும் லாயக்கில்லை’ என்கிற ஒரே நினைப்பு ஓடிக்கொண்டிருக்கும். அப்போது நன்றாயிருக்கிற யாருடைய சாட்சியும் எனக்குள் இறங்கவில்லை. இந்தச் சங்கீதம் இறங்கியது. என் வேதாகமத்தில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் தேதி தேதியாகக் குறித்து வைத்திருக்கிறேன், பதினோரு தேதிகள், ஒன்றிரண்டு கை பட்டுப் பட்டு மங்கிவிட்டன. அந்த ராத்திரிகளில் என் மனநிலை மாறிவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் என் வாயில் வராத வார்த்தைகளை யாரோ எனக்கு முன்பே ஜெபமாகச் சொல்லி, அதைத் தேவனுடைய ஜனங்கள் வெட்டி எறியாமல் வேதத்திலேயே வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் போதுமாயிருந்தது.

செய்து பாருங்கள்: சங்கீதம் 13 மொத்தமே ஆறு வசனம். தினமும் ஒரு தடவை, வாய்விட்டு, மெதுவாக. “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்ற இடத்தில் நின்றுவிடத் தோன்றினால் நின்றுவிடுங்கள். நம்பிக்கை பேசுகிற ஐந்தாம் வசனத்துக்கு அன்றைக்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. விசுவாசம் இருக்கிறதா என்ற கேள்விக்கு மாற்கு 9:24-ல் வரும், தன் பிள்ளையைக் குணமாக்கும்படி இயேசுவிடம் கேட்ட அந்தத் தகப்பனைப் பாருங்கள், “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான். பிள்ளை குணமானான்.

கேள்வி: “எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” என்று சொல்லிக்கொண்டே மூன்று நேர்முகத் தேர்வுக்குப் போனேன். மூன்றிலும் தோல்வி. இப்போது அந்த வசனமும் பொய், நானும் ஒன்றுக்கும் உதவாதவன் என்று தோன்றுகிறது.

பதில்: தம்பி, பிலிப்பியர் 4:13-ஐ அதற்கு முந்தின வசனத்தோடு சேர்த்து வாசியுங்கள். பவுல் அப்போஸ்தலன் சிறைக்காவலில் கட்டப்பட்டவனாக இருந்து எழுதிய நிருபம் அது. பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் இந்த வரிக்கு வருகிறார். ஆக, தேர்ச்சி பெறுவேன் என்கிற உத்தரவாதத்தை அந்த வசனம் உங்களுக்குக் கொடுக்கவே இல்லை. தேறாமல் வீடு திரும்பின சாயங்காலத்துக்கும் பெலன் உண்டு என்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

‘உதவாதவன்’ என்ற பேச்சுக்கு ஒன்று சொல்கிறேன். பார்வோனிடம் போகச் சொன்ன தேவனிடம் “நான் எம்மாத்திரம்” என்று மோசே கேட்டபோது, ‘நீ பெரிய ஆள், உன்னால் முடியும்’ என்று தேவன் சொல்லவில்லை. “நான் உன்னோடே இருப்பேன்” என்றார். என் குடும்பம் எளியது, என் வீட்டில் நான் எல்லாரிலும் சிறியவன் என்று, இஸ்ரவேலை மீட்க அழைக்கப்பட்ட கிதியோன் சொன்னபோதும் கிட்டத்தட்ட அதே பதில்தான். அவர்கள் தங்களைப் பற்றிப் போட்ட கணக்கு சரியா தப்பா என்று அவர் வாதாடவே இல்லை. நாலாவது தேர்வுக்கு “நான் உன்னோடே இருப்பேன்” என்ற அந்த வரியோடு போங்கள். தயாரிப்பையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று சிலர் சொல்கிறார்களே?

பதில்: இல்லை. வியாதியாய்க் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் ஆயுசைக் கூட்டிக் கொடுக்கிறேன் என்று கர்த்தர் சொன்ன அதே நேரத்தில்தான் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையை அவருடைய பிளவையின்மேல் (கட்டியின்மேல்) போடச் சொன்னார். வாக்கும் மருந்தும் ஒரே வீட்டுக்குள் வந்தன. லூக்காவைப் “பிரியமான வைத்தியன்” என்றுதான் பவுல் எழுதுகிறார். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை யாரோ சொன்னார்கள் என்று திடீரென்று நிறுத்தாதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்கிற எண்ணம் வருகிறதென்றால் இதழின் அடுத்த பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே கூட இருக்கிற ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவரைக் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அந்த நாளில் உங்களால் வேதத்தைத் திறக்க முடியாவிட்டால் பரவாயில்லை, கூட வந்தவரையே ஒரு சங்கீதம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருங்கள்.