பழைய அம்பாசிடரில் கடகட சத்தமும் அதிர்வும் எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகிற வழியெல்லாம் உங்கள் மார்க் 2 அம்பாசிடர் கடகடவென்று அடிக்கிறது, மெக்கானிக் "அடிப்பக்கம் மொத்தமும் மாத்தணும்" என்கிறார், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு ஒரு பாகமும் வாங்காதீர்கள். சத்தம் எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று முதலில் தெரிய வேண்டும்: இன்ஜின் சுற்றோடா, சக்கரத்தோடா, ரோட்டின் மேடுபள்ளத்தோடா?

அதற்கும் முன்னால் வண்டியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, ஸ்டெப்னி, டிக்கியில் உருளும் பானா, வீல் கப், பின் சீட் மெத்தை எல்லாம் வெளியே வரட்டும். இது சின்ன வேலை என்று தள்ள வேண்டாம். வீல் கப் சத்தத்தை பேரிங் சத்தம் என்று நம்பி பேரிங் மாற்றுகிறவர்கள் உண்டு.

பிறகு மூன்று சோதனை. நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஐடிலிலிருந்து நிமிடத்துக்கு 3000 சுற்று வரை மெதுவாக ஏற்றுங்கள். இதிலேயே அதிர்ந்தால் இன்ஜின் மவுண்டிங், சைலன்சர், ஃபேன், டைனமோ பிராக்கெட் இவற்றில்தான் தேட வேண்டும். அடுத்து, வழவழப்பான காலி ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். சாவியை அணைக்கக் கூடாது. அதிர்வு அப்படியே நீடித்தால் டயர், வீல், பேரிங், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட். நின்றுவிட்டால் இன்ஜின் பக்கம். மூன்றாவது, 10 கிலோமீட்டர் வேகத்தில் கரடுமுரடான ரோடு. இதில்தான் சத்தம் வருகிறது என்றால் சஸ்பென்ஷன் பக்கம் தேட வேண்டும்.

அதிர்வின் வேகமே ஆளைக் காட்டிக்கொடுக்கும். 5.90-15 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2 மீட்டர் போகும். 60இல் நொடிக்கு 8 சுற்று. ஸ்டியரிங் அந்த அளவில் ஆடினால் வீல் பேலன்ஸ் அல்லது டயர். ஷாஃப்ட் அதைவிட நான்கு மடங்குக்கு மேல் சுற்றும் என்பதால் அதன் அதிர்வு சீட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று கேட்கும். மாதக்கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டியில் டயர் ஒரு பக்கம் சப்பையாகி, சில கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் சரியாவது உண்டு. அதற்கு பேலன்ஸிங் செலவு வேண்டாம்.

சஸ்பென்ஷனில் முன்பக்கமா பின்பக்கமா என்று பார்க்க நம் டெல்டா ரோடுகள் வசதி. களிமண் தரை அமுங்கும், வாய்க்கால் பாலம் அமுங்காது. அதனால் ஒவ்வொரு பாலத்திலும் ஒரு படி இருக்கும். அம்பாசிடரின் முன், பின் அச்சுகளுக்கு இடைவெளி ஏறக்குறைய இரண்டரை மீட்டர். 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் முன்சக்கர அடிக்கும் பின்சக்கர அடிக்கும் நடுவே ஒரு நொடி கிடைக்கும். 'டக்' எந்த அடியில் வருகிறது என்று பின்சீட்டில் ஒருவரை உட்கார வைத்துக் கேளுங்கள்.

பின்னால் என்றால் பட்டைகளை, அதாவது லீஃப் ஸ்பிரிங்கை, பாருங்கள். பட்டையை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட் நட்டு, பட்டைகளைக் கோர்க்கும் சென்டர் போல்ட், பட்டையின் நுனியைப் பாடியோடு இணைக்கும் ஷாக்கிளின் ரப்பர் புஷ். கடப்பாரையை நுழைத்து நெம்பினால் ஆட்டம் தெரியும். தளர்ந்த போல்டைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் படிந்திருக்கும். உராய்கிற இடம் பளபளவென்று இருக்கும். ரப்பர் புஷ் மாற்றினால் வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். தூக்கி வைத்தபடியே இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். இதைச் செய்யாமல் "புஷ் குவாலிட்டி சரியில்லை" என்று கடைக்காரரைத் திட்டுவது நியாயமில்லை. புது யூ போல்டை 200, 300 கிலோமீட்டரில் மறுபடி இறுக்குங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் துருப் பிடிக்காமல் இருக்க அடியில் கழிவு ஆயில் அடிக்கும் பழக்கம் இங்கே உண்டு. தகட்டுக்கு நல்லதுதான், ரப்பருக்கு விஷம். புஷ்ஷும் மவுண்டிங்கும் ஊறிக் கொழகொழத்துப் போகும். அடித்தே ஆக வேண்டுமென்றால் ரப்பர்களை மூடிவிட்டு அடியுங்கள்.

முன்பக்கம் என்றால் ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டும் கொடுத்துவிட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். இன்னொருவர் பிரேக் மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் பேரிங். மறையாவிட்டால் ஸ்டியரிங் முட்டு. இடம் வலமாகப் பிடித்து ஆட்டும்போது ஆடினால் ஸ்டியரிங் கம்பியின் நுனி மூட்டு, அதாவது டை ராடு எண்ட்.

சைலன்சரைக் கட்டுக்கம்பியால் கட்டியிருந்தால் முதலில் அதை அவிழுங்கள். கம்பி அதிர்வை நேராகத் தரைத் தகட்டுக்குக் கடத்திவிடும். ரப்பர் தொங்கல்தான் வேண்டும். சம்பா அறுவடை நேரத்தில் ரோட்டில் கிடக்கும் வைக்கோல் ஷாஃப்டில் சுற்றி உரசும். சைலன்சரில் சுற்றினால் தீயே பிடிக்கலாம்.

கியர் போட்டுக் கிளட்ச் விடும்போது 'டொக்' என்றால் ஷாஃப்டின் நுனி மூட்டில் உள்ள கிராஸ். கழற்றுமுன் இரண்டு பக்கமும் சென்டர் பஞ்ச் உளியால் தட்டிக் குறி போடுங்கள். குறி மாறிப் பூட்டினால் இல்லாத அதிர்வும் வந்துசேரும்.

"பழைய வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்" என்று கீழே யாராவது எழுதுவார்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் நின்ற வண்டியில் பட்டை மாட்டும் இடமே துருவால் விட்டிருக்கலாம். அந்தச் சத்தத்தோடு ஓட்டுவது உயிருக்கு ஆபத்து.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். 2021இல் வந்த விதிப்படி 50 வயது கடந்த வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம்; புதிதாகப் பதிந்தால் 20,000 ரூபாய் கட்டி 'வி.ஏ' என்ற எழுத்து வரும் எண் வாங்க வேண்டும். அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டுக்கு வரலாம். ஓடாத வண்டியில் ரப்பர் இறுகும், கிரீஸ் காயும், சத்தம் கூடும். பாதுகாக்க வந்த விதி வண்டியை நிறுத்தி வைக்கச் சொல்வது எனக்கு ஆறவே இல்லை.

கதவுச் சத்தத்தைக் கடைசியில் பாருங்கள். ஓடும்போது பின்சீட்டில் இருப்பவர் கதவை உள்பக்கம் இழுத்துப் பிடித்துச் சத்தம் நின்றால் கதவு பூட்டிக்கொள்ளும் தூணில் உள்ள லாக் தகட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பூட்ட வேண்டும். கண்ணாடியைப் பாதி இறக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கண்ணாடி ஏறி இறங்கும் சேனலில் உள்ள ஃபெல்ட் துணி தேய்ந்திருக்கிறது.