அடிக்கிற கையை எப்படி நம்புவது?

அன்புள்ள அண்ணனுக்கு, தோத்திரம்.

ஏரல் பக்கம் ஒரு கிராமத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். 2023 டிசம்பரில் ஆறு ஊருக்குள் வந்தபோது கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. தைத்து மடித்து வைத்தது, வெட்டிப் போட்டது, பிரிக்காமலே கிடந்தது என்று எண்பது பேருடைய துணி சேறாகிவிட்டது. பவர் மெஷின் மோட்டாரும் போச்சு. பதினாறு வருஷ அளவு நோட்டு கூழாகிவிட்டது. முடிந்தவரை துணி வாங்கிக் கொடுத்தேன். குழு லோன் ஏறியது. அடுத்த ஜூனில் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது.

வீட்டு ஜெபத்துக்கு வந்த பெரியவர் ஒருவர் எபிரெயர் 12:6-ஐ வாசித்துவிட்டு, "கர்த்தர் உன்மேல அன்பா இருக்கதாலதாம்மா அடிக்காரு. என்ன காரியம்னு யோசிச்சு அறிக்கை பண்ணு" என்றார். அன்றிலிருந்து என் வாழ்க்கையைத் தோண்டிக்கொண்டே இருக்கிறேன். இரண்டு மாதம் தசமபாகம் கொடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண ஆர்டர் தைத்தேன். இதற்கா இவ்வளவு? அடிக்கிற கையை எப்படி நம்புவது அண்ணே?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு அளவு நோட்டுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. மோட்டாருக்குக் காயில் கட்டலாம், துணிக்குத் துணி வாங்கலாம். ஒரு ஊரின் தோளும் கையும் பதினாறு வருஷமாக வளர்ந்த கணக்கை எந்தக் கடையில் வாங்குவது? ஜெபிக்க வந்தவர் அந்த நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

சரி, வசனத்துக்கு வருவோம். "கர்த்தர் எவனிடத்தில் அன்புகூருகிறாரோ அவனை அவர் சிட்சித்து, தாம் சேர்த்துக்கொள்ளுகிற எந்த மகனையும் தண்டிக்கிறார்." தண்டிக்கிறார் என்றுதான் இருக்கிறது, அதை நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் இந்த அதிகாரம் யாருக்கு எழுதப்பட்டது என்று கொஞ்சம் பின்னால் புரட்டிப் பாருங்கள். 10:34-இல் அதே ஆட்களைப் பார்த்து, "உங்கள் ஆஸ்திகளையும் சந்தோஷமாய்க் கொள்ளையிடக் கொடுத்தீர்கள்" என்கிறார். கிறிஸ்துவின் பெயரைச் சொன்னதற்காகச் சொத்தைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். தப்பு செய்து மாட்டிக்கொண்டவர்கள் இல்லை. என்ன பாவம் செய்தீர்கள் என்று அந்த நிருபக்காரர் அவர்களிடம் விசாரிக்கவும் இல்லை. சோர்ந்து போகாதேயுங்கள் என்பதற்காகத்தான் தகப்பன் பேச்சையே எடுக்கிறார்.

சிட்சை என்ற சொல்லும் நம் காதில் கொஞ்சம் கெட்டுப்போயிருக்கிறது. வடமொழியில் சிக்ஷா என்றால் கல்வி. கிரேக்க மூலத்தில் இருக்கிற பைதேயா என்ற சொல்லும் பிள்ளையைப் பயிற்றி வளர்ப்பதைக் குறிப்பதுதான். நமக்கோ சிட்சை என்றதும் வாத்தியார் கைப் பிரம்புதான் தெரிகிறது. வளர்ப்பில் அடியும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அடி மட்டும்தான் வளர்ப்பு என்று எந்தத் தகப்பன் சொல்வான்?

என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு ஒன்பது வயது. ஞாயிறு பள்ளிக் காணிக்கைக்குக் கொடுத்த நாலணாவுக்குச் சேமியா ஐஸ் வாங்கித் தின்றுவிட்டேன். காணிக்கை போட்டியாலே என்றார். போட்டேன் என்றேன். சட்டை முன்பக்கம் முழுக்க ஐஸ் ஒழுகிய கறை. அவர் கையை ஓங்கவில்லை. "வா, உபதேசியார்ட்ட சொல்லிட்டு வருவோம்" என்று கிளம்பிவிட்டார். கோயில் அடுத்த ஊரில். நடுவில் குதிரைமொழித் தேரியின் ஓர் ஓரத்தைக் கடக்க வேண்டும். மே மாதம், உச்சி வெயில். அந்தச் செம்மணலில் நடந்தவர்களுக்குத்தான் அதன் சூடு தெரியும். என் காலில் செருப்பு இல்லை. ஒரு பனையின் நிழலிலிருந்து அடுத்த பனைக்கு ஓடுவேன், பனை நிழல் என்ன, ஒரு முழ அகலம் இருக்குமா, அதில் ஒற்றைக் காலில் நிற்பேன், மறுபடி ஓடுவேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். அப்பா தன் டயர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது, அதை எனக்குத் தந்திருக்கலாமே என்று. ஒன்பது வயசுக் காலில் அந்தச் செருப்பு நிற்குமா என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை. உபதேசியார் கேட்டுவிட்டு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து, சரி போ என்றார். பெட்டியில் நாலணா போட்டது அப்பா.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எதற்காக அந்த வெயிலில் நடக்கிறேன் என்பது எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஊகித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திருத்த நினைக்கிற தகப்பன் காரணத்தை ஒளித்து வைத்துக்கொண்டு பிள்ளையை விடுகதை அவிழ்க்க விடமாட்டான். உங்கள் மனச்சாட்சியில் குறிப்பாக ஏதாவது உறுத்தினால் அதை அவரிடம் சொல்லித் தீர்த்துக்கொள்ளுங்கள், அது அரை மணி நேர வேலை. அதற்கு மேல் தோண்டாதீர்கள். தசமபாகப் பாக்கிக்காகத் தாமிரபரணியைத் திறந்துவிடுகிற தேவனை எனக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, டிசம்பர் 17, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் பெய்தது 95 சென்டிமீட்டர், அங்கே வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். தண்ணீர் யார் வீட்டு நிலையில் சிலுவை இருக்கிறது, யார் வீட்டில் பிறை இருக்கிறது என்று பார்த்து நுழையவில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி ஆண்டவர் கேட்டது இதைத்தானே? எருசலேமில் மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று கேட்டார். அப்படியல்ல என்று பதிலையும் அவரே சொன்னார்.

இன்னொரு விஷயம், சொன்னால் சிலருக்குக் கசக்கும். டோனாவூரில் மிஷனெரியாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்தார். 1951-இல் இறக்கும்வரை இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கைதான். அவர் என்ன பாவம் செய்தார் என்று நம் சபைகளில் ஒருவரும் கேட்டு நான் அறியேன். வெள்ளைக்கார அம்மாள் விழுந்தால் அதைச் சிலுவை என்கிறோம். ஏரலில் ஒரு தையல்காரியின் புருஷன் விழுந்தால் சிட்சை என்கிறோம். இந்தக் கணக்கு எங்கே படித்தது?

அந்தப் பெரியவரை ரொம்பத் திட்டவும் எனக்கு யோக்கியதை இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில், பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்த நண்பனிடம் இதே வசனத்தை நானும் சொன்னேன். அவன் "ம்" என்றான், அவ்வளவுதான். அப்புறம் பல வருஷம் என்னிடம் அவன் பிள்ளையைப் பற்றிப் பேசவே இல்லை. பயத்தில் வருகிற பேச்சு இது. உன் கஷ்டத்துக்குக் காரணம் ஒன்று இருந்துவிட்டால் அது என் வீட்டுக்கு வராது என்று ஒரு தைரியம். யோபுவின் சிநேகிதர்கள்கூட ஏழு நாள் தரையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

அப்படியானால் எதை நம்புவது? ஏன் வந்தது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் பிடித்துக்கொண்டிருப்பது புலம்பல் 3:33: "அவர் மனப்பூர்வமாய் மனுபுத்திரரைச் சிறுமையாக்கிச் சஞ்சலப்படுத்துகிறதில்லை." எரிந்துபோன ஒரு நகரத்தின் நடுவே எழுதியது அது, வயிறு நிறைந்த நேரத்தில் எழுதியது இல்லை. அதே அதிகாரத்தின் ஆரம்பத்தில் அதை எழுதியவர் தேவனைக் கரடி என்கிறார், சிங்கம் என்கிறார். அவ்வளவும் திட்டிவிட்டுத்தான் 33-ஆம் வசனத்துக்கு வந்து சேர்கிறார். உங்களுக்கும் கோபம் இருந்தால் அவரிடமே காட்டுங்கள். உங்கள் கேள்வியில் இருந்த கோபம் எனக்குப் பிடித்திருந்தது. நம்பாதவளுக்கு இவ்வளவு கோபம் வராது.

அந்தப் பெரியவர் மறுபடி வந்தால், ஆறாம் வசனத்தில் நிறுத்தாமல் பன்னிரண்டு வரைக்கும் வாசிக்கச் சொல்லுங்கள். "நெகிழ்ந்த கைகளையும் தளர்ந்த முழங்கால்களையும் நீங்கள் திரும்ப நிமிர்த்தி" என்று வரும். உங்கள் வீட்டுக்காரரை வாரம் ஒருநாள் பிசியோதெரபிக்கு ஆட்டோவில் கூட்டிப்போய் வர ஆள் வேண்டும் இல்லையா, அந்த வேலை அந்த வசனத்தில் இருக்கிறது. மரியாதையாகவே கேளுங்கள், சந்தோஷமாக வந்தாலும் வருவார். வீட்டு ஜெபம் இப்போதைக்குப் பாரமாக இருந்தால் ஒன்றிரண்டு மாதம் விட்டுவிடலாம், போதகர் வீட்டு ஐயரம்மாவிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அடுத்த மாதம் நாசரேத்துக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன். திரும்பும்போது ஏரல் வழியாக வருவேன். இரண்டு சட்டைத் துணி எடுத்து ஒரு வருஷமாகப் பெட்டியில் கிடக்கிறது. அளவு நோட்டு புதிதாகப் போட்டிருப்பீர்கள்தானே, எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி வையுங்கள். வயிற்றுப் பக்கம் கொஞ்சம் தாராளமாக எடுக்க வேண்டியிருக்கும்.