காசு உங்கட கணக்கில் விழாமல் திறப்பைக் குடுக்காதேங்கோ

தம்பி, நீங்கள் கேட்டதை நான் விளங்கிக்கொண்டபடி ஒருக்கால் சொல்கிறேன். லண்டனுக்கு வந்து ஒன்றரை வருஷம். 2013ஆம் ஆண்டு மொடல் டொயோட்டா யாரிஸ் கார் ஒன்றை 3,200 பவுணுக்கு விற்கப் பேசியிருக்கிறீர்கள். வாங்குகிறவரும் தமிழர். லொக் புக்கை, அதாவது காரின் பதிவுப் புத்தகத்தை, படமெடுத்து அனுப்பச் சொல்கிறார். ஞாயிறு பின்னேரம் வங்கி வரைவோடு வந்து காரை எடுத்துக்கொண்டு போவாராம். லொக் புக்கைத் தானே போஸ்ட் பண்ணிவிடுவாராம், நீங்கள் அதுக்கு மினக்கெடத் தேவையில்லையாம். நம்பலாமா என்று கேட்கிறீர்கள்.

ஆள் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் கேட்ட மூன்றில் ஒன்றுக்கும் ஓம் சொல்லாதேங்கோ.

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அந்த விஷயத்தில் நான் சூடு கண்ட பூனை. 2016இல் என்னுடைய பழைய கோர்சாவைக் கோயிலில் கண்டு கதைக்கிற ஒருவருக்கு விற்றேன். காசு முழுதாகத் தந்தார், அதில் ஒரு குறையும் இல்லை. "அண்ணை, புத்தகத்தை நான் நாளைக்கே அனுப்பிவிடுறன்" என்றார். முழுப் புத்தகத்தையும் தூக்கிக் குடுத்தேன். பற்றுச்சீட்டும் எழுதவில்லை, தெரிந்த ஆளிடம் கையெழுத்துக் கேட்க வெட்கமாக இருந்தது. ஆறு கிழமை கழித்து முதல் கடிதம் வந்தது, சந்தியில் மஞ்சள் கோடு போட்ட பெட்டிக்குள் கார் நின்றதற்குத் தண்டம். அடுத்தது பஸ் பாதையில் ஓடியதற்கு. மூன்றாவது பொலிஸிடமிருந்து: இன்ன நாள், இன்ன நேரம், வேக எல்லையை மீறிக் காரை ஓட்டியவர் யார் என்று 28 நாளுக்குள் அறிவிக்கவேண்டும்.

அந்தக் கடிதத்தைச் சும்மா நினைக்காதேங்கோ. பதில் போடாமல் விட்டால் அதுவே தனிக் குற்றம். லைசென்ஸில் ஆறு தண்டப் புள்ளி விழும், ஆயிரம் பவுண் வரை தண்டமும் வரலாம். இங்கே முதன்முதலாக முழு லைசென்ஸ் எடுத்து இரண்டு வருஷம் ஆகாதவருக்கு ஆறு புள்ளி விழுந்தால் லைசென்ஸே பறிபோகும். உங்களைப் போல வந்த புதிதில் இருப்பவருக்கு அது வேலைக்கே உலை வைக்கும்.

கமராவுக்கு உங்களையும் தெரியாது, அவரையும் தெரியாது. அது இலக்கத்தகட்டைப் படிக்கும். டிவிஎல்ஏ என்கிற அரசாங்க வாகனப் பதிவு அலுவலகத்தின் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர் வீட்டுக்குக் கடிதம் போகும். காரை விற்றது உங்களுக்கும் வாங்கினவருக்கும் தெரிந்தால் போதாது, ஸ்வான்சியில் இருக்கிற அந்தப் பதிவுக்கும் தெரியவேண்டும். தெரியப்படுத்த வேண்டிய கடமை விற்கிற ஆளுக்குத்தான். தவறினால் அதற்கும் ஆயிரம் பவுண் வரை தண்டம் உண்டு. நான் கடைசியில் கோயில் ஆக்களைப் பிடித்து அவருடைய விலாசத்தைத் தேடி எடுத்து, விற்ற திகதி, அவர் பெயர், விலாசம் எல்லாம் எழுதி டிவிஎல்ஏக்குக் கடிதம் போட்டுத்தான் தப்பினேன். பஸ் பாதைத் தண்டத்துக்கு மட்டும் காட்ட ஆதாரம் இல்லாமல் நானே காசு கட்டினேன். அவர் கெட்ட மனிசன் இல்லை. புத்தகம் அவருடைய சமையலறை லாச்சிக்குள் கிடந்ததாம்.

ஆகவே புத்தக அலுவலை நீங்களே முடியுங்கோ, அவர் பக்கத்தில் நிற்கும்போதே. அரசாங்கத்தின் ஜிஓவி.யூகே (gov.uk) தளத்தில், காரை விற்றதை டிவிஎல்ஏக்கு அறிவிக்கும் பக்கம் இருக்கிறது. விலாசத்தை நீங்களே தட்டிப் போங்கோ. கூகிளில் தேடினால் மேலே விளம்பரமாக வருகிற சில தளங்கள் இதுக்குக் காசு கேட்கும். உண்மையில் இது இலவசம். கார் இலக்கம், லொக் புக்கில் இருக்கிற 11 இலக்கக் குறியீட்டு எண், வாங்குகிறவரின் பெயர், விலாசம், விற்ற திகதி, இவ்வளவுதான் கேட்பார்கள். மின்னஞ்சல் குடுத்தால் உடனேயே உறுதிப்படுத்தி ஒன்று வரும். பிறகு தபாலிலும் கடிதம் வரும், அதை எறியாமல் வைத்திருங்கோ. புத்தகத்தில் புது உரிமையாளருக்கு என்று ஒரு பச்சைத் துண்டு இருக்கும். அதை மட்டும் கிழித்து அவரிடம் குடுத்துவிட்டு மிச்சத்தை அழித்துவிடலாம். ஒன்லைனில் செய்தபிறகு தபாலிலும் அனுப்பிக் குழப்பவேண்டாம்.

அந்தப் பச்சைத் துண்டில் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். அதை வைத்து அவர் அங்கே நின்றபடியே போனில் றோட் டக்ஸ் கட்டலாம். 2014 ஒக்டோபருக்கு முன்னர் என்றால் விற்கிறவர் கட்டிய டக்ஸ் காரோடு சேர்ந்து போனது, இப்போது போகாது. "அண்ணன் கட்டின டக்ஸ் இருக்குத்தானே" என்று யாராவது சொன்னால் நம்பி ஓட விடாதேங்கோ.

இனி படம். லொக் புக்கின் படத்தை ஒருவருக்கும் அனுப்பவேண்டாம். அந்த 11 இலக்க எண் கையில் இருந்தால், நீங்கள் விற்காத காரை விற்றதாக டிவிஎல்ஏக்கு வேறொருவர் அறிவிக்க முடியும். காரைப் பற்றி அறிய அவருக்கு இலக்கத்தகடு போதும். எம்ஓடி எனும் வருடாந்த வாகனப் பரிசோதனையின் வரலாறு, டக்ஸ் நிலை இரண்டையும் அதே அரசாங்கத் தளத்தில் சும்மாவே பார்க்கலாம். காரில் கடன் நிற்கிறதா, களவுக் காரா என்று பார்க்கக் கொஞ்சக் காசு கட்டித் தனியார் தளங்களில் தேடலாம். வீட்டுக்கு வந்தால் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும், எண்ணின் மேல் உங்கட பெருவிரல் இருக்கட்டும். இடையில் ஒன்று: காரைத் தவணைக்கு எடுத்திருந்தால், கடைசித் தவணை கட்டி முடியும்வரை கார் நிதி நிறுவனத்தினுடையது. அதை அடைக்காமல் விற்கக் கூடாது.

புத்தகத்தில் இருக்கிற விலாசம் இப்போது இருக்கிற வீடுதானா என்று முதலில் பாருங்கோ. வந்த புதிதில் வருஷத்துக்கு இரண்டு வீடு மாறுவோம், புத்தகம் மட்டும் முதல் அறையிலேயே நிற்கும். பழைய விலாசம் என்றால் இப்போதே மாற்றி, புதுப் புத்தகம் கைக்கு வரும்வரை விற்பனையைத் தள்ளிப்போடுங்கோ. கட்டிய டக்ஸில் மீதமுள்ள முழு மாதங்களுக்கான காசைக் காசோலையாக அந்த விலாசத்துக்குத்தான் அனுப்புவார்கள்.

காசுக்கு வருவோம். ஊரில் வங்கி வரைவு என்றால் ரொக்கம் மாதிரி. இங்கே அப்படி நினைத்துப் பேய்க்காட்டுப்பட்டவர்கள் கனபேர். நீரெழுத்து, முத்திரை எல்லாம் அச்சொட்டாகப் போட்டுப் போலி வரைவு அடிக்கிறார்கள். அதுவும் ஞாயிறு பின்னேரம், உறுதிப்படுத்திக் கேட்கலாம் என்றால் வங்கிக் கிளைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கிற நேரம். வரைவு உண்மையானதாக இருந்தாலும் காசோலை மாதிரித்தான் மாறும்: திங்கள் போட்டால், செவ்வாய் நள்ளிரவுக்கு முதல்தான் அது பாஸா இல்லையா என்று நிச்சயம் தெரியும். வரைவு தவிர வேறு வழியில்லை என்று அவர் நின்றால் வாங்குங்கோ, ஆனால் அதுவரை கார் உங்கட வாசலில் நிற்கட்டும்.

நான் சொல்வது வங்கியிலிருந்து வங்கிக்கு நேரே போடுகிற ஃபாஸ்டர் பேமென்ட். ஞாயிறென்ன, பொங்கலென்ன, பெரும்பாலும் சில விநாடியில் வந்துவிடும். இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று, அவருடைய வங்கி ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று எல்லை வைத்திருக்கும். அதை அவர் முன்கூட்டியே பார்த்து வரவேண்டும். மற்றது எங்கட பெயர். அனுப்பும்போது வங்கி பெயரை ஒத்துப்பார்க்கும். தகப்பன் பெயர் முதலா, உங்கட பெயர் முதலா, முதலெழுத்து மட்டுமா என்று ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு விதமாகப் பதிந்திருக்கும். வங்கி ஸ்டேட்மென்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதிக் குடுங்கோ; இல்லாவிட்டால் அவருடைய திரையில் பெயர் பொருந்தவில்லை என்று வர, உங்களை அவர் கள்ளன் என்று நினைப்பார். முதலில் ஒரு பவுண் போடச் சொல்லி, வந்ததைக் கண்டபிறகு மிச்சத்தைப் போடச் சொல்லலாம்.

அவர் தன் போனைக் காட்டி "இந்தா, போய்ட்டுது" என்பார். அதைப் பார்க்கவே வேண்டாம். ஸ்கிரீன்ஷொட், மின்னஞ்சல், குறுஞ்செய்தி எல்லாம் செய்து காட்டலாம்; வங்கி அப் போலவே இயங்குகிற பொய் அப்பும் உண்டு. உங்கட போன், உங்கட அப், உங்கட இருப்பு, அது கூடினால்தான் காசு. கூடவில்லை என்றால் தேத்தண்ணி குடுத்து இருத்தி வையுங்கோ. 2024 ஒக்டோபர் முடிவிலிருந்து, மோசடி என்று சந்தேகம் வந்தால் அனுப்புகிற வங்கி நான்கு வேலைநாள் வரைகூடக் காசை மறித்து வைக்கச் சட்டம் இடம் குடுக்கிறது. அப்படி நடந்தால் அவரில் பிழை இல்லை, உங்களிலும் இல்லை. காரும் புத்தகமும் உங்களிடமே இருக்கட்டும், அவர் பஸ்ஸில் போகட்டும்.

காசு வேறு ஆளின் பெயரில் வந்தால் ஏன் என்று கேளுங்கோ. பேசியதைவிடக் கூட வந்து, "மிச்சத்தை இந்தக் கணக்குக்குத் திருப்பிப் போடுங்கோ" என்றால் ஒரு சதமும் போடாதேங்கோ. வங்கிக்கு அட்டையின் பின்பக்கத்தில் இருக்கிற எண்ணில் எடுத்துச் சொல்லுங்கோ. களவுக் காசு உங்கட கணக்கால் போனால் கணக்கை முடக்குவார்கள், வாடகையும் சம்பளமும் அதற்குள்தான் நிற்கும்.

தாள்க் காசு தருகிறார் என்றால் வேலைநாளில் உங்கட வங்கிக் கிளைக்குள் சந்தியுங்கோ. அங்கேயே எண்ணி, பார்த்து, கணக்கில் போட்டுவிடுவார்கள். கடதாசி 20, 50 பவுண் தாள்கள் 2022 செப்டெம்பர் 30உடன் செல்லாமல் போய்விட்டன. பிளாஸ்டிக் தாள் மட்டும் வாங்குங்கோ.

பார்க்க வருகிறபோது ஒன்று. இரண்டு பேர் வந்தால் ஒருவர் உங்களோடு கதை குடுப்பார், மற்றவர் பொனற்றைத் திறந்து நிற்பார். கூலண்ட் தாங்கிக்குள் கொஞ்ச எண்ணெய் ஊற்றிவிட்டு, "எஞ்சின் போயிட்டுது, ஆயிரம் தாறன்" என்பது இங்கே நன்றாகத் தெரிந்த சுத்துமாத்து. பொனற் திறந்திருக்கும்போது கண்ணை எடுக்காதேங்கோ, தனியாகவும் நிற்காதேங்கோ. ஓடிப் பார்க்கக் கேட்டால் லைசென்ஸையும், உங்கட காரை ஓட்ட அவருக்குக் காப்புறுதி இருக்கிறதா என்பதையும் பாருங்கோ. இல்லாதவரை ஓட விட்டால் விட்டவருக்கும் குற்றம். ஒரு மணித்தியாலத்துக்கு எடுக்கிற காப்புறுதி உண்டு, எடுத்துக்கொண்டு வரட்டும். ஓடும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கோ, இடம் மாறி ஏறும்போது திறப்பு உங்கட கையில்.

பற்றுச்சீட்டு இரண்டு பிரதி. கார் இலக்கம், மொடல், மைல், விலை, இருவர் பெயர் விலாசம், கையெழுத்து, திகதி, முக்கியமாக மணி. அன்று மாலை 3.20க்கு விற்றது என்று எழுதியிருந்தால், 4 மணிக்குக் கமராவில் விழுந்தது யார் என்ற கேள்வி உங்களிடம் நிற்காது. விலாசத்தை அவர் வாயால் சொல்வதை எழுதாமல் லைசென்ஸைப் பார்த்து எழுதுங்கோ. லொக் புக்கிலேயே இது உரிமைக்கு அத்தாட்சி அல்ல என்று அச்சடித்திருக்கும். அவருக்கும் இந்தச் சீட்டுத்தான் அத்தாட்சி. பார்த்த நிலையில் வாங்கினேன் என்று ஒரு வரி சேர்க்கலாம், ஆனால் கிளச் வழுக்குவதை மறைத்துவிட்டு அந்த வரிக்குப் பின்னால் ஒளிக்க முடியாது. ஓடத் தகுதியில்லாத காரை ஓடலாம் என்று விற்பது இங்கே சட்டப்படி குற்றம்.

கார் போன பிறகுதான் காப்புறுதியை நிற்பாட்டுங்கோ, முதல்நாளே அல்ல. நோ கிளெய்ம் போனஸ் (காப்புறுதியில் இழப்பீடு கேட்காத வருஷங்களுக்கான சலுகை) கடிதத்தை வாங்கி வையுங்கோ. லண்டன் போக்குவரத்துத் துறையின் ஓட்டோ பேயில் (வீதிக் கட்டணங்களை அட்டையிலிருந்து தானாக எடுக்கிற கணக்கு) அந்த இலக்கம் இருந்தால் அன்றைக்கே கழற்றவேண்டும். யூலெஸ், அதாவது புகை கூடிய வாகனங்களுக்கு நாட்கட்டணம் எடுக்கிற வலயம், 2023 ஓகஸ்டிலிருந்து லண்டன் முழுக்க இருக்கிறது; உங்கட யாரிஸ் பெற்றோல் என்றால் அதற்குத் தப்பும், ஆனால் அவர் நகர மத்திக்குள் ஓடுகிற ஒவ்வொரு கட்டண நாளுக்கும் நெரிசல் கட்டணத்தை உங்கட அட்டையில்தான் பிடிப்பார்கள். தேம்ஸ் ஆற்றைத் தாண்டுகிற டார்ட்ஃபோர்ட் கடவைக்குக் கட்டணம் கட்டுகிற கணக்கும் அப்படியே. காரின் புளூடூத்தில் இருக்கிற தொலைபேசி எண்களையும், வழிகாட்டியில் பதிந்த வீட்டு விலாசத்தையும் அழித்து, கமரா இருந்தால் அதன் கார்டையும் எடுத்துவிடுங்கோ.

அவருக்கு இன்றைக்கே ஒரு மெசேஜ் போடுங்கோ, வேண்டுமென்றால் இதையே பிரதி பண்ணுங்கோ: "அண்ணை, ஞாயிறு பகல் பதினொன்றுக்கு வாங்கோ. காசு ஃபாஸ்டர் பேமென்ட்டில், உங்கட வங்கி எல்லையை முதலே ஒருக்கால் பாருங்கோ. லைசென்ஸ் கொண்டுவாங்கோ. லொக் புக்கை வீட்டில் காட்டுறன், டிவிஎல்ஏ அலுவலை இரண்டு பேரும் இருந்து முடிப்பம். ஓடிக்கொண்டு போகக் காப்புறுதி எடுத்து வாங்கோ." இதுக்கு அவர் முகம் சுளித்தால் அடுத்த ஆளுக்குப் போன் எடுங்கோ, ஓடுகிற யாரிஸுக்கு லண்டனில் ஆள் தட்டுப்பாடு இல்லை.