தெரபி பில்லும் திரும்பி வந்த கடிதமும்

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. ஆட்டிசம் என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். வாரம் மூன்று நாள் நடத்தைப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறேன். ஒரு தடவைக்கு 600 ரூபாய். கணவரின் அலுவலக மெடிக்ளெய்ம் பாலிசியில் பணம் கேட்டோம். ‘புறநோயாளி சிகிச்சைக்கு இடமில்லை’ என்று பில்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இருந்தால் அரசு காப்பீடு கிடைக்குமாமே? ஆனால், ‘பெண் குழந்தை, பெயரைப் பதிந்துவிடாதே’ என்று மாமியார் தடுக்கிறார். நான் என்ன செய்வது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புத் தங்கைக்கு, பில்லுக்குப் பணம் இல்லை என்ற இதே மறுப்புக் கடிதம் எனக்கும் வந்தது. அன்று என் மகனுக்கு ஐந்து வயது, இன்று பத்தொன்பது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அதனால் உங்கள் கேள்வியை நான் வேறு யாருடைய கேள்வியாகவும் படிக்கவில்லை.

நம் ஊர் மெடிக்ளெய்ம் பாலிசிகள் பெரும்பாலும் 24 மணி நேரமாவது மருத்துவமனையில் படுக்க வைத்தால் பணம் தருபவை. நம் குழந்தைகளின் பயிற்சியோ முக்கால் மணி நேரம் பாயில் உட்கார்ந்து நடப்பது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு தரச் சொல்கிறது. ஆனால் ஆட்டிசம் மனநோய் அல்ல. அதை வைத்துத் தெரபி பில்லுக்கு வாதாடிப் பயனில்லை. பாலிசியில் புறநோயாளிப் பிரிவு தனியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அந்தச் சண்டையை விடுங்கள்.

விடக்கூடாத சண்டை ஒன்று உண்டு. நாளைக்கே குழந்தையை டெங்குவுக்காகச் சேர்க்கிறீர்கள், ஆட்டிசத்தைக் காரணம் காட்டிப் பணம் மறுக்கிறார்கள் என்று வையுங்கள். அப்போது நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

தெரபிக்கு நீங்கள் நாட வேண்டியது ‘நிராமயா’. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளை நடத்தும் காப்பீடு இது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கானது. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. வயது வரம்பு இல்லை, முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனையும் இல்லை. கட்டணம் சில நூறு ரூபாய்தான். எந்த மருத்துவமனைக்கும் போகலாம், செலவழித்துவிட்டுப் பில் அனுப்பித் திரும்பப் பெற வேண்டும். தெரபிக்கு அந்த லட்சத்துக்குள் தனி உச்சவரம்பு இருக்கிறது. நீங்கள் சொல்லும் கணக்கில் மாதம் ஏழாயிரத்துக்கு மேல் போகும், அது முழுவதையும் நிராமயா தாங்காது. இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். நடக்க முடியாத குழந்தைக்குச் சக்கர நாற்காலி எப்படியோ, அப்படித்தான் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சி. அதை ஆடம்பரச் செலவு போல அளந்து கொடுப்பது சரியல்ல.

பில் விஷயத்தில் கவனம். எனக்கு முதலில் கிடைத்தது நோட்டுப் புத்தகத் தாளில் நீல மையில் ‘தெரபி – 4’ என்று எழுதிய ஒரு வரி. அது செல்லாமல் போனது. குழந்தையின் பெயர், ஒவ்வொரு அமர்வின் தேதி, ரசீது எண், பயிற்சியாளரின் இந்திய மறுவாழ்வுக் கழகப் பதிவு எண் எல்லாம் இருக்கட்டும். மருத்துவரின் பரிந்துரைச் சீட்டையும் சேர்த்து வையுங்கள். நிராமயா ஆண்டு மார்ச் 31-இல் முடியும். புதுப்பிக்க மறந்து ஓராண்டை நான் இழந்தேன். உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான இடையீட்டு மையம் பற்றியும் விசாரியுங்கள், அங்கே பயிற்சிக்குக் கட்டணம் இல்லை.

நிராமயாவில் சேர மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வேண்டும். அது உங்கள் வீட்டு பீரோவில் இருக்கப்போகும் காகிதம், நீங்கள் காட்டினால் ஒழிய ஊராருக்குத் தெரியாது. வருமான வரியிலும், பழைய முறையில் கணக்குக் கொடுப்பவர்களுக்கு, 75,000 ரூபாய் கழிவு உண்டு. குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000.

மாமியாரிடம் வாதாடாதீர்கள். ஒருநாள் பயிற்சிக்கு அவரையும் அழைத்துப் போங்கள். என் அம்மாவும் இப்படித்தான் தடுத்தார். தண்ணீர் வேண்டும் என்றால் என் மகன் அலமாரியில் தலையை முட்டிக்கொள்வான், நெற்றியில் எப்போதும் ஒரு வீக்கம் இருக்கும். டம்ளர் படம் போட்ட அட்டையை எடுத்துக் கையில் கொடுக்கப் பயிற்சியாளர் ஏழு வாரம் பழக்கினார். நான் அழைத்துப் போன அன்று அம்மா கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மகன் எழுந்து போய் அந்த அட்டையை எடுத்தான். பயிற்சியாளரைத் தாண்டி வந்து அம்மாவின் மடியில் வைத்தான். அம்மா தண்ணீர் மொண்டு கொடுத்தபோது கை நடுங்கியதில் பாதி சிந்திவிட்டது.

சான்றிதழுக்குப் புகைப்படம் எடுக்கப் போன அன்று, அவனுக்குத் தலை வாரிச் சட்டை மாட்டிவிட்டது அம்மாதான்.