பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறேன். பழைய லேப்டாப் ரொம்ப ஸ்லோ. புதிது வாங்க வேண்டுமா, மொபைலே போதுமா, எந்த பிரவுசர் நல்லது?

"அக்காவோட பழைய லேப்டாப் ஒண்ணு வீட்டில் இருக்கு, ஆன் ஆகவே அஞ்சு நிமிஷம் ஆகுது, கடையில் காட்டினால் தூக்கிப் போடச் சொல்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். ஏனென்றால் இதே லேப்டாப், இதே அக்கா, இதே பேச்சு எங்கள் வீட்டிலும் நடந்தது.

எனக்கு 17 வயது. பிளஸ் டூ, உங்கள் குரூப்தான். ஊர் ராஜபாளையம் பக்கம். முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். புதிது இப்போதைக்கு வாங்க வேண்டாம். மொபைல் போதாது. பிரவுசர் என்றால் பயர்பாக்ஸ். சின்னப் பையன் சொல்வதைக் கேட்டு யாராவது முடிவு எடுப்பார்களா என்று இங்கே சிலர் கேட்பீர்கள். நான் யூடியூபில் பார்த்ததைச் சொல்லவில்லை. கையால் கழற்றி மாட்டியதை மட்டும்தான் சொல்கிறேன்.

அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் அது. 2019. காலேஜ் முடிக்கும் வரை அதில்தான் படித்தாள். கல்யாணமாகிப் போன பிறகு பீரோ மேல் பையோடு கிடந்தது. நான் பிளஸ் ஒன் சேர்ந்ததும் எடுத்து ஆன் செய்தால் நீல விண்டோஸ் சின்னத்துக்குக் கீழே வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். நான் போய்க் குளித்துவிட்டு வந்தால் அப்போதுதான் டெஸ்க்டாப் வந்திருக்கும். அப்பா அதை டவுனில் ஒரு கடைக்கு எடுத்துப்போனார். கடைக்காரர் பத்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "மதர்போர்டு வீக் ஆயிருச்சுண்ணே, இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட்டு, 38,000க்கு நல்ல மாடல் இருக்கு, மாசத் தவணை போட்டுக்கலாம்" என்றார். அப்பா மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். கடையில் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் சட்டைப் பையில் சொசைட்டி லோன் பாரம் மடித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். உங்கள் வீட்டிலும் யாராவது இந்த மாதிரி ஒரு பாரத்தை மடித்து வைத்திருப்பார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மதர்போர்டு போயிருந்தால் அது ஆன் ஆகியிருக்கவே கூடாதே என்று எனக்குத் தோன்றியது. உள்ளே எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். நீங்களும் பாருங்கள், கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். சிபியு 12 சதவீதம், மெமரி பாதிக்கு மேல், டிஸ்க் மட்டும் 100 சதவீதம். நான் ஒன்றுமே திறக்காதபோதும் 100. அதாவது மூளையான சிபியு சும்மா உட்கார்ந்திருக்கிறது, அலமாரியான டிஸ்க்கிலிருந்து ஃபைல் வந்து சேரவில்லை. அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்கில் உள்ளே ஒரு தட்டு சுற்றும், லேப்டாப்பில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று. ஒரு முள் அதன் மேல் இங்கும் அங்கும் ஓடி ஒவ்வொரு ஃபைலாகத் தேடி எடுக்க வேண்டும். விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைக் கேட்கும். அந்த முள் என்னதான் செய்யும்? எஸ்எஸ்டி என்கிற புது வகை டிஸ்க்கில் சுற்றுவதற்கும் ஓடுவதற்கும் எதுவும் கிடையாது, எல்லாம் சிப். வித்தியாசம் அவ்வளவுதான்.

சித்தப்பா கொடுத்த பொங்கல் காசும் என் உண்டியலும் சேர்த்து பஸ் ஏறி மதுரை போய் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று 1,650 ரூபாய்க்கு வாங்கினேன். நான் வாங்கியபோது இருந்த விலை இது, இப்போது மாறியிருக்கலாம். பக்கத்து வீட்டு வாட்ச் ரிப்பேர் மாமாவிடம் சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட் இரவல் வாங்கினேன். லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு எல்லா ஸ்க்ரூவையும் கழற்றியும் மூடி வரவில்லை. ஒரு மூலை மட்டும் பிடித்துக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் கழித்துத்தான் ரப்பர் கால் ஒன்றுக்கு அடியில் இன்னொரு ஸ்க்ரூ ஒளிந்திருப்பது தெரிந்தது. ஆகவே நீங்கள் நெம்பாதீர்கள், முதலில் ரப்பரைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஃபேனைச் சுற்றிப் பஞ்சு, மில் ஊர் அல்லவா, விரலால் சுருட்டி எடுக்கிற அளவுக்கு இருந்தது. கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு பேப்பரில் லேப்டாப் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வைத்தேன், நீளம் ஒவ்வொன்றும் வேறு. பேட்டரி ஒயரை எடுத்துவிட்டு, பழைய டிஸ்க்கை உருவி, அது இருந்த அதே தகரச் சட்டத்தில் புதிதை வைத்து மாட்டினேன். அந்தச் சட்டத்துக்கு மொத்தம் நாலு ஸ்க்ரூ.

இதற்கெல்லாம் முன்னால் அக்காவின் போட்டோக்களை முழுக்க வேறு இடத்தில் காப்பி எடுத்துக்கொண்டேன். இதை மறந்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.

பிறகு விண்டோஸுக்குப் பதிலாக, லினக்ஸ் மின்ட் என்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பென் டிரைவில் ஏற்றிப் போட்டேன், எக்ஸ்எஃப்சிஇ என்கிற லேசான பதிப்பு. பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் வரை 22 விநாடி. போன் ஸ்டாப்வாட்ச் வைத்து மூன்று முறை பார்த்தேன். 4 ஜிபி ரேமில் திறந்தவுடன் ஒரு ஜிபிகூடப் போகவில்லை. அப்பா நைட் ஷிப்ட் முடித்து வந்தவுடன் கண் முன்னால் ஆஃப் செய்து ஆன் செய்து காட்டினேன். அவர் எதுவும் சொல்லவில்லை. "இன்னொரு வாட்டி போடு" என்றார். போட்டேன். லோன் பாரம் அதற்கப்புறம் சட்டைப் பையில் இல்லை.

"லினக்ஸில் போட்டோஷாப் ஓடுமா, கேம் ஓடுமா" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். போட்டோஷாப் ஓடாது. கேள்வி கேட்டவர் போட்டோஷாப் கேட்கவே இல்லை, பிளஸ் ஒன் படிக்கக் கேட்டார். நம் புத்தகத்திலேயே விண்டோஸோடு உபுண்டு என்கிற லினக்ஸும் பாடமாக இருக்கிறது, பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான். இதற்கெல்லாம் மின்ட் தாராளம். விண்டோஸே வேண்டும் என்றால் எஸ்எஸ்டி மாட்டிவிட்டு அதையே போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் வேகமாகத்தான் வரும். ஆனால் விண்டோஸ் 10க்கு வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. 11க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும், பிராசஸரும் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும், பழைய லேப்டாப்கள் நிறைய இதில் அடிபட்டுவிடும். நன்றாக ஓடுகிற மெஷினைப் பட்டியலில் இல்லை என்பதற்காகப் பழசு என்று சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். அரசாங்கம் கொடுத்த அந்த லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தேதான் வந்தது. டெபியன் என்கிற இன்னொரு லினக்ஸை அடிப்படையாக வைத்து, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று கேட்கும். எங்கள் தெருவில் ஏழெட்டு வீட்டில் அந்த லேப்டாப் இருந்தது, ஒருவர்கூட அதைத் திறந்து பார்த்ததில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு அது இன்னும் வருத்தம்.

மொபைலே போதுமா என்றால், பாடம் பார்க்கப் போதும், பாடம் செய்யப் போதாது. பிளஸ் ஒன் ஆரம்பத்தில் மூன்று மாதம் நான் போனில்தான் சி பிளஸ் பிளஸ் எழுதினேன். ஏறக்குறைய ஒவ்வொரு வரி முடிவிலும் செமிகோலன் போட வேண்டும், போன் கீபோர்டில் அதற்கு எண்கள் இருக்கும் பக்கத்துக்குப் போய், தட்டி, திரும்பி வர வேண்டும். இருபது வரி புரோகிராமுக்குக் கட்டைவிரல் வலித்தது. பாதித் திரையைக் கீபோர்டே பிடித்துக்கொள்ளும், மேலே எழுதியது தெரியாது. போனில் வளர்ந்த பசங்களுக்கு கம்ப்யூட்டர் தானாக வந்துவிடும் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். வராது. என் வகுப்பில் நாள் முழுக்க இன்ஸ்டாகிராமில் இருப்பவனுக்கு டவுன்லோடு செய்த ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தெரியவில்லை. அவனைக் குறை சொல்லவில்லை, போன் அதை அவனுக்குக் காட்டியதே இல்லை.

பிரவுசர் விஷயம். ஐந்தாறு பிரவுசர் போட்டு எது வேகம் என்று பார்ப்பார்கள். பெயர்தான் வேறு. குரோம், பிரேவ், ஓபரா, 2020 முதல் எட்ஜ், எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே குரோமியம்தான், பக்கத்தைத் திறந்து காட்டுகிற எஞ்சினும் ஒன்றுதான். பயர்பாக்ஸ் தனியாகச் சொந்த எஞ்சினில் நிற்கிறது. ஐபோன் வைத்திருப்பவர்கள் கோபப்படக் கூடாது, இந்தியாவில் அதில் எந்த பிரவுசர் போட்டாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் எஞ்சின்தான். நான் பயர்பாக்ஸ் சொல்வதற்குக் காரணம் பாசம் இல்லை. யூபிளாக் ஆரிஜின் என்கிற விளம்பரத் தடுப்பான் குரோமில் 2025இல் வேலை செய்யாமல் போனது, லைட் என்று ஒரு குறைந்த வடிவம்தான் இப்போது. பயர்பாக்ஸில் முழுசாக ஓடுகிறது, ஆண்ட்ராய்டு பயர்பாக்ஸிலும் போடலாம். 4 ஜிபி ரேம் லேப்டாப்பில் விளம்பரங்கள் இறங்காமல் இருந்தாலே பாதி பாரம் குறையும். குரோம் கெட்டது என்று நான் சொல்லவில்லை, சில தளங்கள் அதில்தான் ஒழுங்காக வருகின்றன, அதற்காக நானும் ஒன்று வைத்திருக்கிறேன்.

விளம்பரம் என்றதும் அம்மா போன் ஞாபகம் வருகிறது. திடீர் திடீரென்று "உங்கள் போனில் வைரஸ்" என்று மேலே வந்து விழும். அம்மா பயந்துபோய் கரண்ட் பில்லுக்குக்கூட அந்தப் போனைத் தொட மாட்டார். எல்லோரும் ரீசெட் செய்யச் சொன்னார்கள். வைரஸும் இல்லை ஒன்றும் இல்லை. சமையல் குறிப்பு பார்க்கப் போன தளங்கள் "அறிவிப்பு அனுப்பலாமா" என்று கேட்டிருக்கின்றன, அம்மா எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்திருக்கிறார். குரோமில் அமைப்புகள், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று போனால் பட்டியல் இருக்கும். 14 தளம் இருந்தது. ஒவ்வொன்றாகத் தடுத்தேன், அன்றோடு நின்றது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் போனில் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

இது நீங்கள் கேட்காதது, ஆனாலும் எங்கே போய்ச் சொல்வது. தயவுசெய்து ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் கேளுங்கள். தமிழ் வினாத்தாளைப் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்து வேர்டு ஃபைலாக வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்புகிறீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் அது தமிழ். எங்கள் போனில் அந்த எழுத்துரு இல்லை. "அம்மா" என்று நீங்கள் அடித்தது எங்களுக்கு எம், கே, செமிகோலன், கே, எச் என்று வரும். அரையாண்டுக்கு முந்தின நாள் இரவு எட்டுப் பக்கம் அப்படி வந்தது, முப்பது பேர் பெரிய கேள்வி எதுவென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். எந்தப் போனிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. நம் பிளஸ் ஒன் புத்தகத்தில் தமிழ்க் கணினி என்று ஒரு பாடமே இருக்கிறது. யூனிகோடில் அடிக்க உதவும் தமிழ்99 கீபோர்டு முறையைப் பழக எனக்குப் பதினைந்து நாள்தான் ஆனது. பழக நேரமில்லை என்றால் பிடிஎஃப் ஆக்கியாவது அனுப்புங்கள், எழுத்துரு கூடவே வந்துவிடும்.

சரி, உங்கள் விஷயம். லேப்டாப் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் நம்பர் இருக்கும், அதையும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் எத்தனை சதவீதம் காட்டுகிறது என்பதையும் கமெண்டில் போடுங்கள். சிபியுவும் சேர்ந்து 100 காட்டினால் கதை வேறு, அப்போது காசு செலவழிக்காதீர்கள், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கூல் விட்டு வந்து ஆறு மணிக்கு மேல் பார்ப்பேன். அதுவரை அப்பாவைக் கடைக்குப் போக விடாதீர்கள்.